நல்ல தண்ணி, உப்புத் தண்ணி: நீர் மாசைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எந்த வழி?

திருப்பூரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நீர் மாசு ஒன்றும் புதுப் பாடம் இல்லை. பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. எதில் அரிசி களைய வேண்டும், எதில் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துவிடும். அந்த உப்பு எங்கிருந்து வந்தது, அதே தண்ணீரில் பிறந்து வளர வேண்டிய மீனும் பூச்சியும் என்ன பாடு படுகின்றன என்பதுதான் தெரியாது.

நான் சனிக்கிழமைதோறும் ஆறாவது, ஏழாவது படிக்கும் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். சம்பளமில்லாத வேலை. நாலைந்து பெற்றோர் சேர்ந்து ஒரு பருவத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் தருவார்கள், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். மூன்று வருடத்தில் இந்தப் பாடத்தைப் பல வழிகளில் நடத்திப் பார்த்துவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எது தோது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குப் பிடித்ததா என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போனால் அவர்களுக்கு ரேஷன் கடைகூடப் பிடிக்கும். பிள்ளை என்ன தப்பான முடிவோடு வீட்டுக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு வழிக்குள்ளும் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது. சில தப்புகளை அடுத்த வாரமே திருத்திவிடலாம், சில அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

பேரணி, வாசகப் போட்டி, ஓவியப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீரைக் காப்போம் என்று அச்சடித்த பிளெக்ஸ் பேனரை அடுத்த மழையில் சாக்கடையில் பார்த்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

வீடியோ காட்டுவது செலவில்லாத வழி. கடல் ஆமை, பிளாஸ்டிக் உறை, வயிறு கிழிந்த மீன் என்று வரிசையாகக் கிடைக்கும். பிள்ளைகள் அழுவார்கள், நாமும் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்போம். ஆனால் திருப்பூர்ப் பிள்ளைக்குக் கடல் எங்கோ இருக்கிறது. மாசு என்றால் கடலில் நடப்பது, ஆமைக்கு நடப்பது, ஸ்ட்ராவால் நடப்பது என்று பதிந்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரே குரலில் பிளாஸ்டிக் என்றார்கள். பெரும்பாலானவை இழுவை வலையில் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்தவை. மீன்பிடியால் வந்த சாவு அது, மாசால் வந்தது இல்லை. வீடியோ பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு எந்தச் சாவுக்கும் ஒரே காரணம் கைவசம் இருக்கிறது. அதனால் வீடியோவை நான் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். அதற்குள் குறுக்குக் கேள்வி கேட்கப் பழகியிருப்பார்கள்.

அடுத்தது வகுப்பறைச் சோதனைகள். இதில் சங்கதி அதிகம், நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது.

எல்லா வழிகாட்டியிலும் முதலில் வருவது கண்ணாடி ஜாடி. ஜாடி நிறையத் தெளிந்த நீர் வைத்து அதை ஆறு என்று சொல்வோம். ஒரு பிள்ளை கொஞ்சம் சோப்பு நீர் ஊற்றும், ஒன்று மண் போடும், ஒன்று சாயம் ஊற்றும். கடைசியில் ஜாடி கருத்துவிடும். பார்க்க நாடகம் மாதிரி இருக்கும், கைதட்டுவார்கள். முதல் வருடம் நானும் செய்தேன். அப்புறம் ஒரு பையன் கேட்டான்: “அப்ப வடிகட்டிக் கலர் எடுத்துட்டா சுத்தமாயிடுமா மிஸ்?” ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்த ஆமாம் பெரிய தப்பு. அதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இறகுச் சோதனை இதைவிட மேல். வாத்து இறகு கிடைத்தால் நல்லது, கோழி இறகும் பரவாயில்லை. இறகின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி உருண்டு ஓடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இறகின் இழைகள் ஜிப் போல ஒன்றோடொன்று கொக்கி போட்டிருப்பது தெரியும். விரலால் பிரித்துவிட்டு நீவினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். பறவை நாள் முழுக்க அலகால் கோதுவது இந்த வேலைக்குத்தான். இப்போது அதே இறகில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவுங்கள். இழைகள் ஈரத் தலைமுடி போல ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்கும். இறகுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுப் போர்வை போய்விட்டால் பறவைக்குக் குளிரும், மிதக்கவும் முடியாது. கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அப்போது கூழைக்கடாக்கள் கறுப்பு அப்பிய உடம்போடு உட்கார்ந்திருந்த படங்களை இதற்குப் பிறகு காட்டினால் விளக்கமே தேவையில்லை. வகுப்பு தானாக அமைதியாகிவிட்டது.

இதிலும் தப்பு இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பால் இறகைக் கழுவினால் சுத்தமாகிவிடும், உடனே “அவ்வளவுதான், சரியாப் போச்சு” என்பார்கள். உள்ளே போன எண்ணெயைச் சோப்பு எடுக்காது. கழுவிய பறவையையும் உடனே விட முடியாது, இறகு பழையபடி நீர் புகாமல் ஆகும்வரை வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டால் இந்தத் தப்பு தங்காது.

செலவே இல்லாத இன்னொரு சோதனை ஊசி. ஒரு கிண்ணம் தண்ணீரில் தையல் ஊசியைப் படுக்கவைத்து மெதுவாக விட்டால் மிதக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், சட்டென்று மூழ்கும். குளத்தில் நீர்மேல் காலூன்றி வழுக்கிக்கொண்டு ஓடும் நெடுங்கால் பூச்சியைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு, நுரை பொங்கும் ஓடையில் அந்தப் பூச்சி ஏன் இல்லை என்பது அங்கேயே புரிந்துவிடும். எனக்கு இது மிகவும் பிடித்தது.

புளியங்கொட்டை விளையாட்டும் உண்டு. இருபது பேர் புழு, நாலு பேர் மீன், ஒருவர் கொக்கு. ஒவ்வொரு புழுவுக்கும் பத்துக் கொட்டை. அதில் இரண்டில் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருப்போம், அதுதான் நஞ்சு. ஒரு மீன் ஐந்து புழுவைத் தின்னும், கையில் பத்துப் புள்ளி சேரும். கொக்கு நாலு மீனையும் தின்னும், நாற்பது. புழுவுக்கு இரண்டாக இருந்தது கொக்குக்கு நாற்பதாக வந்து நிற்பதைக் கையில் எண்ணிப் பார்க்கிறார்கள். பாதரசம், டி.டி.டி. பூச்சிமருந்து போல உடம்பை விட்டுப் போகாத பொருட்களுக்கு இந்தக் கணக்கு சரி. எல்லா மாசும் இப்படித்தான் சேரும் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. உப்பு அப்படிச் சேராது.

இந்த உப்பு விஷயத்தை எனக்குப் புரியவைத்தது ஒரு பையனின் அப்பா.

நொய்யல் வெள்ளிங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992ல் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். சில வருடங்களில் அது திருப்பூர்ச் சாய ஆலைகளின் கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று உழவர்களே நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இதையெல்லாம் கதை போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “எங்கப்பா சாயப்பட்டறைலதான் மிஸ் வேலை செய்யறாரு. அப்ப மீனெல்லாம் செத்தது எங்கப்பாவாலயா?” என்றான்.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் அப்பாவே வந்தார், சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். “ஏனுங்க டீச்சர், சாயம் கண்ணுக்குத் தெரியுமுங்க. உப்பு தெரியாதுங்க. நீங்க கலரையே சொல்லிட்டிருக்கறீங்களாமா, பையன் சொன்னான்” என்றார். பிறகு முக்கால் மணி நேரம் அவர்தான் வகுப்பு எடுத்தார். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் உப்புப் போட வேண்டும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரைகூடப் போகும். கடல்நீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அதாவது கறுப்பு பனியன் நனையும் தொட்டி கடலைவிட உப்பு. சாயம் துணியில் ஏறிவிடுகிறது, உப்பு முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கிறது. கலரை எடுக்க வழி அப்போதே இருந்தது, உப்பை எடுப்பதுதான் பெரிய செலவு என்றார். இப்போது சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாகவே திரும்ப எடுப்பதையும் சொன்னார். பையன் முன் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

ஜாடிச் சோதனையை நான் கைவிட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பதில் இப்போது இரண்டு கண்ணாடி டம்ளர் வைக்கிறேன், இரண்டும் பளிங்கு மாதிரி இருக்கும். எது சுத்தம் என்று கேட்டால் முழிப்பார்கள். அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை எடுப்போம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல தண்ணியில் மூன்று இலக்க எண், போர் தண்ணியில் நான்கு இலக்கம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. அளந்த தண்ணீரிலேயே தனித்தனித் தட்டில் பாசிப்பயறு நனைத்து வைத்தோம், கூடவே இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த டம்ளரிலும். மூன்றாம் நாள் எந்தத் தட்டில் முளை வரவில்லை என்று பார்த்தார்கள். இந்த ஊர்ப் போர் தண்ணியின் உப்பில் கொஞ்சம் பாறையிலிருந்தே வந்தது, எல்லாவற்றையும் தொழிலின் தலையில் கட்டக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மீட்டரும் ஏமாற்றும். எண் குறைந்தால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சாக்கடை கலந்து கிருமி நெளிகிற தண்ணீரில்கூட எண் குறைவாக இருக்கலாம். அதனால் மீட்டரை மட்டும் நம்பி நிற்க முடியாது.

பறவை பார்க்கப் போவது மூன்றாவது வழி. சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 125 ஹெக்டேர். 2022ல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்த பிள்ளையின் முகத்துக்கு எந்தப் பாடமும் ஈடில்லை, அதை மறுக்க மாட்டேன். பஸ் கட்டணம் மட்டும்தான் செலவு. பைனாகுலர் ஒன்று இரவல் கிடைத்தால் போதும்.

ஆனால் நீர் மாசைப் பற்றிச் சொல்ல இதை முதலில் எடுத்தால் பாடம் தலைகீழாகப் போய்விடும். நாங்கள் திரும்பும் வழியில் ஊருக்குள் கழிவுநீர் தேங்கிய ஒரு குட்டையில் நெடுங்கால் உள்ளான்கள் நூறு இருக்கும், மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தன. “சாக்கடைன்னீங்க, இங்கதான் மிஸ் குருவி ஜாஸ்தி இருக்குது” என்றாள் ஒருத்தி. அவள் கண்ணில் பட்டது உண்மை. சாக்கடைச் சத்தில் பாசி தடிக்கும், சேற்றில் புழு பெருகும், அதைத் தின்ன சில பறவைகள் கூட்டமாக வரும். பறவைக்கு இறக்கை இருக்கிறது, நாளைக்குப் பிடிக்கவில்லையென்றால் வேறு குளம் பார்த்துப் போய்விடும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற உயிரைக் கேட்டால்தான் தண்ணீரைப் பற்றித் தெரியும்.

அதற்குத்தான் நாலாவது வழி, வலையும் தட்டும். கேட்டால் ஏதோ பெரிய கருவி போலத் தோன்றும். மாவு சலிக்கிற சல்லடையை ஒரு மூங்கில் கம்பில் கட்டினால் வலை. வெள்ளைப் பீங்கான் தட்டு, பூதக்கண்ணாடி, பழைய ஸ்பூன், நோட்டு. ஐந்து குழுவுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. சரணாலயத்துக்குள் இதைச் செய்யக்கூடாது. அங்கே எதையும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் ஊர்க்குளம் ஒன்றின் மதகுப் படிக்கட்டையும், அவிநாசிப் பக்கம் ஒருவர் தோட்டத்துப் பண்ணைக்குட்டையையும் எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதே இடம், அதே நேரம்.

பண்ணைக்குட்டையில் முதல் தடவை வலை போட்டபோது தட்டில் வெறும் சேறும் இலையும்தான் தெரிந்தன. “ஒண்ணுமே இல்ல மிஸ்.” இரண்டு நிமிடம் கையை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். சேறு அடங்கியதும் இலை ஒன்று நகர்ந்தது. இலையில்லை, தட்டானின் குஞ்சு. இறக்கை முளைக்கும் முன் தட்டான் தண்ணீருக்குள்தான் வளர்கிறது என்பதே பாதிப் பேருக்குச் செய்தி. பக்கத்தில் ஒரு கொசுப்புழு நெளிந்தது. தட்டான் குஞ்சின் தாடைக்கடியில் மடிந்திருந்த உதடு கைபோலப் பாய்ந்து நீண்டது, புழு காணோம். அவ்வளவு வேகம். இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், தோட்டக்காரர் ஓடி வந்துவிட்டார். அதே தட்டில் மல்லாந்து நீந்தும் பூச்சி, சின்ன நத்தை, வால் போல மூன்று இழை வைத்த மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. வளர்ந்த பிறகு ஒன்றிரண்டு நாளே வாழும் மேஃப்ளை, அதற்கு முன் வாரக்கணக்கில் நீருக்குள் இருக்கிறது. கெட்ட தண்ணீரை மேஃப்ளை வகைகளில் பெரும்பாலானவை தாங்காது, உப்பு ஏறினாலும் தாங்காது.

ஊர்க்குளத்துத் தட்டில் வேறு கதை. புழு நிறைய, ஆனால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ஜாதி. நூல் துண்டு போலச் சிவந்த ரத்தப்புழு, மீன்தொட்டிக் கடையில் தீனியாக விற்பது. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருளால் வருவது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு பிழைக்கும். குளத்துப் பக்கமே வீடு இருக்கும் ஒரு பெண், “விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது மிஸ், பால் குடிக்கற மாதிரி” என்று அதுவரை சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். இரவெல்லாம் பாசியும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் விடியும்போது மீனுக்கு மூச்சு முட்டுகிறது. அவள் தினமும் பார்த்த காட்சிக்கும் தட்டில் கிடந்த சிவப்புப் புழுவுக்கும் காரணம் ஒன்றே என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நோட்டில் எத்தனை புழு என்று எழுத வேண்டாம், எத்தனை வகை என்று எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். குட்டையில் பதினொன்று, குளத்தில் மூன்று. உள்ளான் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டவளுக்குப் பதில் இதில் இருந்தது.

இந்த வழியிலும் தப்பு உண்டு என்றேனே. ரத்தப்புழுவைக் கெட்ட புழு என்று பெயர் வைத்து ஒருவன் மிதிக்கப் போனான். அது கெட்டதில்லை, உள்ளானுக்கும் மீனுக்கும் சோறு, தண்ணீர் கெட்டிருப்பதைத் தாங்கிக்கொண்டு இருப்பது மட்டும்தான் அது செய்த காரியம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தது பயம். நீர் ஓரம், சின்னப் பிள்ளைகள். ஐந்து பேருக்கு ஒரு பெரியவர் இல்லாமல் போகக்கூடாது. யாரும் நீரில் இறங்கக்கூடாது, படிக்கட்டு அல்லது கரைதான். காலில் காயம் இருந்தால் நோட்டு எழுதும் வேலை மட்டும், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தின்பண்டப் பை திறக்காது. நொய்யலுக்கே நான் வலை எடுத்துப் போகவில்லை. பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

குளம் பக்கத்தில் இல்லாதவர்கள் பள்ளி முற்றத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி வைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். பூச்சிகள் தாமாக வரும் என்பது உண்மை. எங்களுக்கு முதலில் வந்தது கொசு, அடுத்து வந்தது சுகாதாரத்துறை ஊழியர். தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். டெங்கு சமயத்தில் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேரில் கூட்டிப்போவது கடைசி. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அருமையான வழி. அழுத்தம், சவ்வு, கொதிநிலை எல்லாம் பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து நிற்கும். ஆறாவது பிள்ளைக்குச் சத்தமும் சூடும்தான் ஞாபகம் இருக்கும், அனுமதி வாங்கவே பாதிப் பருவம் ஓடிவிடும். அந்த வேலை தெரிந்த ஓர் அப்பாவை வகுப்புக்கு அழைப்பது பத்து மடங்கு எளிது. உங்கள் ஊரில் தோல் பதனிடுவதோ காகித ஆலையோ இருந்தாலும் அங்கே வேலை செய்கிறவர் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் இருப்பார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் அழையுங்கள்.

சரி, எதைத் தேர்வு செய்வது? என் வகுப்பு போல பத்துப் பன்னிரண்டு வயது, ஒரு பருவம், இரண்டாயிரம் ரூபாய் என்றால் வலை-தட்டும் மீட்டரும் சேர்ந்துதான். ஒன்று ஆக்சிஜனைச் சொல்கிறது, இன்னொன்று உப்பைச் சொல்கிறது. ஒன்று ஏமாற்றும் இடத்தில் மற்றது பிடித்துவிடும். இறகும் ஊசியும் மழை நாளுக்கு. நஞ்சராயன் குளம் டிசம்பரில் ஒரு தடவை, தட்டு பார்த்துப் பழகிய பிறகு. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் குளத்துக்குப் போகாதீர்கள். ஒரு நாள் பார்த்த தட்டில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. அன்றைக்கு இறகுச் சோதனையே போதும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் மாசு என்ற சொல்லையே எடுக்காமல் வெறும் தட்டான் குஞ்சையும் வாத்தையும் காட்டினால் போதும். செத்த மீனை முதலில் பார்க்கிற குழந்தை அப்புறம் தண்ணீர்ப் பக்கமே வராது, என் தங்கை மகள் அப்படித்தான்.

இந்த ஜூனில் ஒரு மாற்றம் செய்யப் போகிறேன். இதுவரை மதகுப் படிக்கட்டில் மட்டும் வலை போட்டோம். குளத்துக்கு ஓடை வந்து சேரும் வாயிலும் ஓர் இடம் குறித்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. அதன் அந்தப் பக்கமும் மூன்று வகைதானா, கூடவா, குறைவா என்று வகுப்பில் இப்போதே பந்தயம் நடக்கிறது. சல்லடை ஒன்று கிழிந்துவிட்டது, அந்த அப்பா பட்டறையிலிருந்து பழைய நைலான் வலைத் துண்டு கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.